குழாய் வளர்ந்த கதை

"இரும்பு தானா தடிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதி நான்கு மாதம் ஆகியிருந்தது. இயற்பியலில் என் மதிப்பெண் மோசமில்லை.

"சூடு பண்ணினா விரியும்மா."

"ஆறினா?"

"பழையபடி சுருங்கிடும்."

"ஆறிப்போய்க் கிடக்கிற இரும்பு?"

"அது எப்படித் தடிக்கும்? அது என்ன மாவா, பொங்கறதுக்கு?"

அம்மா சிரிக்கவில்லை. "அப்போ நேத்து வந்த இன்ஜினியர் அம்மா ஏன் அப்படிக் கேட்டுட்டுப் போனாங்க?" என்றாள், கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தபடி.

 அதற்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. அந்தப் பதில் என் அப்பாவைப் பற்றியது. அதனால் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

அப்பாவின் வேலை அளப்பது. ஊருக்கு வெளியே இருக்கும் ஆலையில், குழாய்களின் சுவர் எத்தனை கனம் மிச்சமிருக்கிறது என்று அளப்பார். குழாயை வெட்டாமலே அளக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி உண்டு. உள்ளங்கை அகலம், மஞ்சள் உறை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வட்டம். அதை அவர் 'காது' என்பார். குழாயின் பெயின்டைத் தேய்த்து எடுத்து, வழவழப்பான ஜெல்லைத் தடவி, காதை வைத்து அழுத்தினால், நமக்குக் கேட்காத ஓர் ஒலி இரும்புக்குள் போகும். உட்பக்கச் சுவரில் முட்டித் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கருவி கனத்தைச் சொல்லிவிடும்.

இருபத்திரண்டு வருடம் இதையே செய்தார். ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்லிமீட்டரைச் சுருக்கி வைத்த 'மில்லி' என்ற பெயரைச் சொன்னால்தான் தெரியும். வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். "நகம் ரெண்டு மில்லி வளர்ந்துடுச்சு, வெட்டு" என்பார். நாற்காலி ஆடினால் குனிந்து பார்த்துவிட்டு, "பின்கால் ஒன்றரை மில்லி கம்மி" என்று அட்டையை மடித்து வைப்பார். யாரையும் திட்ட மாட்டார். யார்மேலாவது ரொம்பக் கோபம் வந்தால், "அவன் கை பழகாதவன்" என்பார். அவர் வாயில் அதுதான் பெரிய வசவு.

அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் அது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஓடுவது குழாயை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே போன வருடம் இருந்த கனம் இந்த வருடமும் இருக்கலாம், அல்லது குறையலாம். கூடக் கூடாது. கூடினால் அளந்தவன் கைதான் தப்பு. பெயின்டைச் சரியாக எடுக்கவில்லை, இல்லையென்றால் காலையில் கருவியைப் படிக்கட்டையில் வைத்துச் சரிபார்க்கவில்லை. படிக்கட்டை என்பது கனம் தெரிந்த ஐந்து படிகள் உள்ள ஓர் இரும்புத் துண்டு. கூடிவரும் எண்ணை 'வளர்ந்த எண்' என்பார்கள். வளர்ந்த எண்ணை எழுதுவது வெட்கம். திரும்ப அளப்பார்கள். திரும்பவும் வளர்ந்தே வந்தால், போன வருடத்து எண்ணை எழுதி, பக்கத்தில் 'முன்போல' என்று போட்டுவிடுவார்கள்.

ஆலையில் ஒரு குழாய் இருந்தது. ஹைட்ரஜன் வாயு நல்ல சூட்டோடும் அழுத்தத்தோடும் போகும் குழாய். அதன்மேல் நாற்பது வட்டங்கள் வரைந்து எண் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி, எல்லாம் ஆறியபிறகு, அப்பா அந்த நாற்பது இடங்களிலும் காதை வைப்பார். பதினேழாம் வட்டம் ஒரு வளைவில் இருந்தது. அங்கே முதலில் 14.1 மில்லி. அடுத்த வருடம் 14.4.

அதை அப்பா உள்ளபடியே எழுதிவிட்டார். அவர் பிரிவின் மேலதிகாரியான செக்‌ஷன் சார் கூப்பிட்டு, "மில்லி, இது குழாயா, உங்க வீட்டுப் பிள்ளையா? வருஷா வருஷம் வளர்த்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். அப்பா திரும்பப் போய் ஆறு தடவை அளந்தார். 14.4. அதற்குள் விஷயம் கேன்டீனுக்குப் போய்விட்டது. அங்கே முதலில் வாயைத் திறந்தவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அதே ஆலையில் வால்வு திறந்து மூடும் ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருக்கு அங்கே 'ரேடியோ' என்று பெயர். வாய் ஓயாது. ஆள் குச்சி மாதிரி இருப்பார். "மச்சான், அந்தக் குழாய்க்கு என்ன தீனி போடுறீங்க? எனக்கும் ரெண்டு கவளம் குடுங்க, உடம்பு தேறட்டும்" என்றாராம். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தாராம். சாப்பிட்டுவிட்டுப் போய் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் 14.1 என்று எழுதினார். முன்போல.

அன்று இரவு மாமா இதை வீட்டில் நடித்தே காட்டினார். நாங்களும் சிரித்தோம். நான் அதிகமாகவே சிரித்தேன்.

மூன்றாம் வருடம் கருவி 14.7 காட்டியது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. 14.1 என்று எழுதினார்.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் குழாய் பதினேழாம் வட்டத்தில் கிழிந்தது. கீழே நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு வெல்டர், நாங்கள் 'வெல்டர் அண்ணன்' என்று கூப்பிடுபவர், அங்கேயே இறந்துபோனார். அந்தக் குழாயின் வால்வைத் திறந்துகொண்டிருந்த மாமாவுக்கு இடது கை முழுக்கத் தீக்காயம். காது இரண்டும் கேட்காமல் போய்விட்டது.

ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தார். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். பேச வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவோம். அவர் படித்துவிட்டுச் சத்தமாகப் பதில் சொல்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் அடுத்த தெருவுக்குச் சொல்வதுபோலவே சொன்னார். அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

அழுத்தம் சட்டென்று ஏறிவிடாமல் அந்த வால்வைத் திறக்க ஒரு முறை உண்டு. கால் சுற்று திருப்பி, அறுபது எண்ணி, அடுத்த கால் சுற்று திருப்ப வேண்டும். ஆலை முதலில் ஒட்டிய அறிவிப்பில், வால்வு வேகமாகத் திறக்கப்பட்டிருக்கலாம், விசாரணை நடக்கிறது என்று இருந்தது. 'இருக்கலாம்' என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை. மாமாவும் படிக்கவில்லை. தினமும் காலையில் குளியலறைக்குப் போய்க் குழாயைக் கால் சுற்று திருப்பிவிட்டு, வாய்விட்டு எண்ணுவார். அறுபது வந்ததும் அடுத்த கால் சுற்று. வாளி நிறைந்து தண்ணீர் வழிந்து அவர் காலடியில் ஓடும். வீடு முழுக்க அவர் எண்ணுவது கேட்கும். அப்பா அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நாங்கள் யாரும் அழவில்லை. இது ஏன் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டோம், துணி துவைத்தோம், மாமாவின் கைக்கு மருந்து போட்டோம். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் போயின. காலை வைப்பது தெரியும், தரை தெரியாது.

விசாரணைக்கு வந்த இன்ஜினியர் ஒரு பெண். வெளியூரிலிருந்து வந்து, ஆலைக்கு எதிரே ஓர் அறையை அலுவலகமாக வைத்திருந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, நோட்டில் எழுதினார்: அறுபது எண்ணினீர்களா?

"தெரியல மேடம். எண்ணினேன்னுதான் நெனப்பு. ஆனா எண்ணியிருந்தா ஏன் வெடிக்குது? நான்தான் எங்கியோ அவசரப்பட்டிருக்கேன்" என்றார் மாமா உரக்க. பிறகு, "அவருக்கு ரெண்டு பொண்ணு" என்றார். வெல்டர் அண்ணனைச் சொன்னார்.

அந்த அம்மா எழுந்து, கதவருகே நின்றிருந்த அப்பாவிடம் வந்தார். "நீங்கதானே அந்த வளைவை அளந்தது? ஒரு தடவையாவது கனம் கூடுதலா காட்டுச்சா?"

"எழுதினதுதான் மேடம்" என்றார் அப்பா.

 அந்த அம்மா தன் முகவரி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை செக்‌ஷன் சார் போன் செய்தார். அப்பாவின் போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். "பேப்பர் சுத்தமா இருக்கு மில்லி. மூணு வருஷமும் ஒரே எண். கேட்டா எழுதினதைச் சொல்லுங்க. நோண்டாதீங்க." அப்பா "சரி சார்" என்றார்.

மறுநாள்தான் அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கல்லூரி இல்லை, வேலை இல்லை, கையில் ஒரு கேள்வி. சனிக்கிழமை நூலகத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். உலோகங்கள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில், கரைந்த ஹைட்ரஜன் என்று ஒரு தலைப்பு இருந்தது. உப்பு தண்ணீரில் கரைவது தெரியும். வாயு இரும்பில் கரையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஹைட்ரஜன் அணு எல்லா அணுக்களிலும் சின்னது. சூட்டிலும் அழுத்தத்திலும் ஒவ்வொன்றாக உலோகத்துக்குள் நுழைந்து, பெரிய அணுக்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அப்படி உட்கார்ந்தாலே உலோகத்தின் விறைப்பு மாறும், சிலவற்றில் கூடும், சிலவற்றில் குறையும், விறைப்பு மாறினால் அதற்குள் ஒலி ஓடும் வேகமும் மாறும் என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் எல்லாம் கணக்கு. எனக்கு ஏறவில்லை.

திங்கட்கிழமை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் அம்மாவின் அறைக்கே போய்விட்டேன்.

"யாரு அனுப்பினாங்க?" என்றார்.

"அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல."

"என்ன கேள்வி?"

"இரும்பு தானா தடிக்குமான்னு."

அவர் அலமாரியைத் திறந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்து வைத்தார். பதினேழாம் வட்டத்துக்குப் பக்கத்தில் வெட்டியது. வெட்டிய இடம் பளபளவென்று இருந்தது. வெளியில் பார்க்க ஒரு குறையும் இல்லை. "இதை நீயே அள" என்று, இரண்டு தாடை உள்ள அளவுகோலைக் கொடுத்தார். துண்டைத் தாடைகளுக்கு இடையில் பிடித்துப் பார்த்தேன். 14.0. பிறகு அப்பாவின் கருவி மாதிரியே ஒன்றை எடுத்து, ஜெல் தடவி, காதை வைத்தார். 14.8.

அதே துண்டு. அதே இடம்.

"எது பொய்?" என்றேன்.

"ரெண்டும் பொய் இல்ல. கருவிக்குக் கனம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நேரம் மட்டும்தான்."

அந்த எஃகில் கொஞ்சம் கரி கலந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் அந்தக் கரியோடு சேர்ந்து வேறொரு வாயு ஆகிறது. அது ஹைட்ரஜன்போலப் பொடி இல்லை. வந்த வழியே வெளியே போக முடியாது. உள்ளேயே முட்டி முட்டிக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. இரும்பு உள்ளுக்குள் தளர்ந்துபோகிறது. தளர்ந்த இரும்பில் ஒலி மெதுவாகப் போகும், பாதியிலேயே தேயவும் செய்யும். அவர் ஒரு சின்னச் சுத்தியலால் ஒரு நல்ல துண்டைத் தட்டினார். அது கொஞ்ச நேரம் ரீங்கரித்தது. இந்தத் துண்டைத் தட்டினார். தட்டிய உடனே ஒலி நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும்வரை அதை எப்படி அம்மாவுக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நீ கடைக்குப் போய்ட்டு வர எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். ஏன், எதாவது வாங்கணுமா?"

"தெருவெல்லாம் குழி தோண்டிப் போட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோ. இருபத்திரண்டு நிமிஷம் ஆகுது. குழி தோண்டினது வீட்ல இருக்கிறவருக்குத் தெரியாது. நீ எப்பவும் ஒரே வேகத்துல நடக்கிறவன்னு மட்டும்தான் தெரியும். அவர் என்ன நினைப்பாரு?"

"கடை தள்ளிப் போயிடுச்சுன்னு நினைப்பாரு" என்றாள் அம்மா.

"அதுதாம்மா. குழாய் தடிக்கல. உள்ள குழி விழுந்திருக்கு. ஒலி மெதுவா வந்துச்சு. கருவி அதைத் தடிப்புன்னு சொல்லிடுச்சு. எண் கூடினா குழாய் கெட்டுப்போகுதுன்னு அர்த்தமாம்."

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு புதிரை விடுவித்த சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சொல்லி முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் கை தட்டிலேயே இருந்தது.

அவர் எழுந்து கை கழுவினார். உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். கருவியை இயக்கினார். அளந்த எண்கள் எல்லாம் அதன் நினைவில் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எழுதும் தாள் வேறு, கருவியின் நினைவு வேறு. யாரும் கருவியைத் திறந்து பார்ப்பதில்லை. அவரும் அதை அழிக்கவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பதினேழுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினார். 14.1. 14.4. 14.7.

"நீங்க எழுதினது?" என்றாள் அம்மா.

"பதினாலு புள்ளி ஒண்ணு."

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்." கருவியை அணைத்துவிட்டு, "என் கைதான் தப்புன்னு நினைச்சேன். எனக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குதுன்னு நினைச்சேன்" என்றார்.

அம்மா குழம்புப் பாத்திரத்தை மூடினாள். அப்பாவின் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். திரும்பி வந்து, "அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். 

அப்பா மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். ரொம்ப நேரம் எழுதினார். அவர் எழுத்து எப்போதும் அச்சடித்ததுபோல இருக்கும், அன்றும் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் கருவி காட்டிய மூன்று எண்கள். வலது பக்கம் அவர் எழுதிய மூன்று எண்கள். கீழே: "எண் வளர்ந்தது. வளர்ந்தால் குழாய் தளர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். எனக்குத் தெரியாது. ஆனால் மாற்றி எழுதியது நான்."

மாமா படித்தார். விரலை எண்கள்மேல் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார்.

"வளர்ந்துச்சா?" என்றார் உரக்க.

அப்பா தலையாட்டினார்.

"நான் அன்னிக்குத் தீனின்னு கேட்டேனே மச்சான்."

அப்பா நோட்டை வாங்கி எழுதினார்: "அதனால் இல்லை மாப்ள."

மாமா அதைப் படித்துவிட்டு, "அதனாலயும்தான்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. நோட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்போ நான் அறுபது எண்ணினேனா?" என்றார்.

அப்பா எழுதினார்: "எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அது போயிருக்கும்."

மாமா அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "வெல்டர் அண்ணன் வீட்ல இதைச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? நான் சொன்னா தெருவுக்கே கேக்கும்" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

மறுநாள் காலை அப்பா கருவியை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் அம்மாவின் அறைக்குப் போனார். வழியில் செக்‌ஷன் சாரின் போன் மூன்று தடவை வந்ததாம், எடுக்கவில்லையாம். அங்கிருந்து நேராக வெல்டர் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவர் சட்டையின் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன. அம்மா கேட்காமல் தைத்துக் கொடுத்தாள்.

அறிக்கை மூன்று மாதம் கழித்து வந்தது. குழாயின் உலோகம் முன்பே கெட்டிருந்தது, வால்வு திறந்த வேகம் காரணம் அல்ல என்று அதில் இருந்தது. இரண்டு ஆண்டு அளவுகள் திருத்தி எழுதப்பட்டதும் இருந்தது. அப்பாவின் வேலை போனது. செக்‌ஷன் சார் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அதேபோல வேறு ஆறு குழாய்களில் 'முன்போல' என்று எழுதிய இடங்களை அளந்து பார்த்து, இரண்டைக் கழற்றினார்கள்.

அப்பா இப்போது ஓர் இரும்புக் கிடங்கில் கம்பிகளை எண்ணி அடுக்குகிறார். மில்லி கணக்கில் பேசுவதை விட்டுவிட்டார். நாற்காலி ஆடினால் ஆடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். மாமாவிடம் பேசுகிறார், நோட்டில். மாமா அப்பாவை வெறுக்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அறிக்கை வந்தபிறகும் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்து எண்ணுகிறார். ஆனால் சில நாள் முப்பதிலேயே நிறுத்திவிடுகிறார். அந்த நாட்களில் வாளி வழிவதில்லை. அப்பா அந்த நேரத்தில் வெளியே போவதும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, இப்படி எதையாவது அளந்து எழுதும் வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார். இதை அவரிடம் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள். எண் வளர்ந்திருந்தால், வளர்ந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம் என்று சொல்லுங்கள்.